அம்மைக்குப் பதினைந்து நாள்

உட்காருங்க அம்மிணி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. கரண்ட் போய் ஐந்து நிமிஷம்தான் ஆகிறது, வந்துவிடும். ஆதார் இரண்டு பக்கமும், டி.சி., சாதிச் சான்று, எல்லாம் மூன்று மூன்று காப்பி, அவ்வளவுதானே? பாப்பாவை எட்டாவதில் சேர்க்கிறீர்களா? நல்ல பள்ளிக்கூடமுங்க. நான் குறை சொல்ல மாட்டேன். பதினேழு வருஷமாக எதிரிலேயே கடை வைத்துக்கொண்டு குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்?

கேட்டைத் தாண்டித்தானே வந்தீர்கள்? அதில் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் படித்தீர்களா? படித்திருப்பீர்கள். நேற்றிலிருந்து ஊரே அதைத்தான் நின்று நின்று படிக்கிறது. ‘பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் எழுதி வாங்கப்படும் விடுப்புக் கடிதங்கள் இனி ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா.’ பேர் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை இது ஒன்றுதான். நாச்சிமுத்து என்று என் பேரையே போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஏதோ சாராயம் விற்கிற இடத்தைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது மணி என்னங்க? மூன்றா, மூன்று ஆகப் போகிறதா? ஒன்றுமில்லை, நாலு மணிக்கு ஒரு சோலி இருக்கிறது. சோலி என்றும் சொல்ல முடியாது. நீங்கள் உட்காருங்க.

நான் என்ன குற்றம் செய்தேன் என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்க. வெளியூர் ஆள் நீங்கள், உங்களுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கிடையாது. இந்த ஊரில் பாதி வீடு தறிக்குப் போகிற வீடு. அப்பனும் ஆத்தாளும் விடிவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் மறுநாள் லீவ் லெட்டர் கேட்பார்கள். பெற்றவர் எழுதி, பெற்றவரே கையெழுத்துப் போட்ட லெட்டர். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரிந்தாலும் நேரம் ஏது? அதனால் பிள்ளைகளே எழுதிக்கொண்டு போகும். எல்லா லெட்டரிலும் ஒரே காய்ச்சல். பழைய கணக்கு வாத்தியார் பழனிவேல் ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் மைக்கிலேயே கேட்டாராம், இந்தப் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் ஒரு கொசுவலை கட்டிவிடலாமா என்று. அன்றைக்கு நாலைந்து பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இங்கே வந்து நின்றன. அப்புறம்தான் நான் பேனாவை எடுத்தேன். காசுக்காக எடுக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் காசுக்காக எழுதவில்லை.

லெட்டர் என்றால் சும்மா எழுதிவிட முடியுமா? இதோ பாருங்க, இந்த நோட்டு. பிள்ளை பேர், வகுப்பு, தேதி, காரணம். நோட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். ஆறாவது படிக்கிற ஒரு பயலுக்கு, அவன் அம்மாவைப் பெற்ற தாத்தாவை ஒரே வருஷத்தில் மூன்று தடவை சாகடித்துவிட்டேன். மூன்றாவது சாவுக்கு வாத்தியார் மனசு கேட்காமல் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தாத்தா பஸ் ஸ்டாண்டில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையைப் பார்த்து யாருக்கு என்று கேட்டாராம். அதிலிருந்து நோட்டு. தலைவலி ஒரு நாள். வயிற்றுப்போக்கு இரண்டு நாள், அதை யாரும் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள். காதுகுத்து என்றால் காலண்டரில் முகூர்த்தம் பார்த்துத்தான் எழுத வேண்டும். காய்ச்சல் மூன்று நாள். மூன்றுக்கு மேலே போனால் டாக்டர் சீட்டு கேட்பார்கள்.

கையெழுத்தும் அப்படித்தான். அப்பன் தறி ஓட்டுகிறவர் என்றால் எழுத்து கொஞ்சம் நடுங்க வேண்டும். ஆத்தா என்றால் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் போட்டு, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். கைநாட்டு என்றால் இந்த இடது பெருவிரல்தான். இந்த ஊரில் நாற்பது குடும்பத்துக்கு இந்த ஒரு விரல்தான் கைநாட்டு. சிரிக்கிறீர்கள். சிரிங்க. முந்தாநாள் வரைக்கும் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த லைன்மேன் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறான் பாருங்க.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். உள்ளே பதிவேட்டில் வராத பிள்ளைக்கு ‘ஏ’ போடுவார்கள், ஆப்சென்ட். லெட்டர் வந்துவிட்டால் அதே கட்டத்தில் ‘எல்’, லீவ். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். சேர்ந்தாற்போல மூன்று ‘ஏ’ விழுந்தால் நாலாம் நாள் வகுப்பு டீச்சர் வீட்டுக்கே போயாக வேண்டும். வாசலில் நின்றுகொண்டு ஏன் அனுப்பவில்லை, என்ன பிரச்சினை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டு, பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ‘எல்’ விழுந்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். லீவில் இருக்கிற பிள்ளையை எதற்குத் தேட வேண்டும்? ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் அவ்வளவு வித்தியாசமுங்க. அந்த ‘எல்’லை வாங்கிக் கொடுக்கிறவன் நான்.

சரி, செங்கோடன் விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் எல்லாம் கெட்டது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். செங்கோடன் மேற்குத் தெருப் பட்டறையில் தறி ஓட்டுகிறவர். அவர் சம்சாரமும் அங்கேதான், தார் சுற்றுகிற வேலை. தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல் சுற்றின குச்சி. அது இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். அந்தம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன், ஒன்றரை மாசம் எழுந்து நடமாடக் கூடாது. அவர்களுக்குப் பதில் ஒரு ஆளை நிறுத்து, இல்லை இரண்டு பேருமே கிளம்புங்கள் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டாராம். வீட்டில் இருக்கிற இன்னொரு ஆள் பெரிய பிள்ளை ரூபிணி. ஒன்பதாவது. அதற்கு அடுத்தவன் தொடக்கப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான்.

‘பாப்பாளக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கறேன் நாச்சிமுத்து. அவுங்க ஆத்தா எந்திரிக்கற மட்டும்தான். டீச்சர் ஊட்டுக்கு வராதபடிக்கு ஒண்ணு எழுதிக் குடு.’

டீச்சர் வீட்டுக்கு வராதபடிக்கு. கேட்டீர்களா? ஒன்றரை மாசத்துக்கு. காய்ச்சலை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா? காதுகுத்தை வைத்துக்கொண்டு முடியுமா? அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை எனக்கு. சம்சாரம் என்ன என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை. கை கழுவும்போது தோன்றியது. அம்மை.

அம்மைக்குப் பதினைந்து நாள். டாக்டர் சீட்டு கேட்க முடியாது, நம் ஊரில் அம்மைக்கு யாருங்க டாக்டரிடம் போகிறார்கள்? வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது என்றால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் வெளி ஆள் படி ஏறக் கூடாது. டீச்சர் என்ன, கலெக்டரே வந்தாலும் வேப்பிலையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார். இந்தப் பதினேழு வருஷத்தில் நான் அம்மை எழுதினது அதுதான் முதல் தடவை. மாரியாத்தாளைப் பொய்க்கு இழுக்கிறோமே என்று சங்கடமாகத்தான் இருந்தது. எழுதி முடித்த கையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தேன். நான் ஒன்றும் துணிந்தவன் இல்லை.

லெட்டரை வாங்கிக்கொண்டு போக அந்தப் பிள்ளைதான் சாயங்காலம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாங்கினதும் பிரித்துப் படித்தது. வேறு எந்தப் பிள்ளையும் படிக்காது, இது படித்தது. படித்துவிட்டு, ‘மாமா, காய்ச்சல்னு எழுதிக் குடுங்க மாமா’ என்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘காய்ச்சலுக்கு மூணு நாளுதான் பாப்பா. அதுக்கப்புறம் மூணு ஏ விழுந்தா டீச்சர் வந்து வாசல்ல நிப்பாங்க’ என்றேன்.

‘தெரியும் மாமா’ என்றது.

தெரியும் என்றால் அப்புறம் என்ன? பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு முழுசாகப் புரியாது. நான்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அம்மை என்றால் ஒருத்தரும் வரமாட்டார்கள், நீ நிம்மதியாக இருக்கலாம் என்று. மடித்து எடுத்துக்கொண்டு போனது. தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தை வர வேண்டுமே. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

பதினைந்து நாள் போனது. மறுபடியும் அதே பிள்ளை வந்தது. வந்ததே அவசரமாக வந்தது, கையில் டீத்தூக்கு, பட்டறைக்கு டீ வாங்கப் போகிற சாக்கில் வந்திருக்கிறது. ‘லெட்டர நானே எழுதிட்டேன் மாமா, அப்பா கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க’ என்றது. சந்தோஷமாகத்தான் வாங்கினேன். பார்த்தால் தலை சுற்றிவிட்டது. அனுப்புநர் இல்லை. பெறுநர் இல்லை. பொருள் இல்லை. ‘டீச்சர், நான் பட்டறையில் இருக்கிறேன். மேற்குத் தெரு, நீலக் கலர் கேட்.’ அவ்வளவுதான் இருந்தது. விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன் என்ற வார்த்தையே இல்லாமல் ஒரு லீவ் லெட்டர் பார்த்திருக்கிறீர்களா? அட்ரஸை மேலே இடது பக்கம் போட வேண்டும், அதைக் கொண்டுபோய் நடுவில் போட்டிருக்கிறது. ஒன்பதாவது வரைக்கும் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இந்த மாதிரி ஒன்றில் என் கையால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் என் கடைப் பேர் என்ன ஆவது?

கிழித்துப் போட்டுவிட்டேன். புதிதாக எழுதிக் கொடுத்தேன். தம்பிக்கும் அம்மை இறங்கியிருக்கிறது, ஒரே வீட்டில் புழங்குகிறபடியால் மகளை அனுப்ப இயலவில்லை என்று. அருமையான லெட்டருங்க அது. நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

‘இந்த லெட்டருக்கு டீச்சர் வருவாங்களா மாமா?’ என்று கேட்டது.

பயந்துபோய்க் கேட்கிறது என்று எனக்குப் பாவமாகிவிட்டது. ‘பயப்படாத, வரவே மாட்டாங்க. மாமா எழுதினா எழுதினதுதான்’ என்று தைரியம் சொன்னேன். டீத்தூக்கைக் கை மாற்றிக்கொண்டது. விரல் பூராவும் நூல் அறுத்த கோடு. கடலை மிட்டாய் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, இந்தக் கண்ணாடிப் பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. மரியாதை இல்லாத பிள்ளை என்று அன்றைக்கு என் சம்சாரத்திடம்கூடச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான், நான் சொல்கிறதில் ஏதாவது ஒரு குறை.

மூன்றாவது லெட்டருக்குச் செங்கோடனே வந்தார். அப்போது அந்தம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தாகிவிட்டது. நானே காய்கறிக் கடையில் பார்த்தேன், நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எதற்கு லெட்டர் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஆயிரம் இருக்கும், அதையெல்லாம் கிளறுவது என் வேலை இல்லை. இந்தத் தடவை ஆத்தாளுக்கு அம்மை, பெரியவர்களுக்கு வந்தால் முற்றிவிடும் என்று இருபத்தைந்து நாள் போட்டேன். ஆத்தாள் எழுதினதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று கைநாட்டும் வைத்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது வகுப்பு டீச்சர் ஜெசிந்தா, கன்னியாகுமரிப் பக்கம், இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தார்கள். மெல்லிய குரல், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். என் லெட்டரை அவ்வளவு நம்பியிருக்கிறார்கள் அம்மிணி. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு அம்மை என்றதும் மனசு கேட்கவில்லை. டீச்சருக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டதாம், இனி வராது என்கிற தைரியம். போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நாலு இளநீரை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு, நடத்தின பாடத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, செங்கோடன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் எதிர்பார்ப்பார்கள் இதை? எத்தனை வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன், ஒருத்தர் போயிருப்பாரா?

வாசலில் வேப்பிலை இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், அம்மையா, யாருக்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். செங்கோடனும் சம்சாரமும் பட்டறையிலிருந்து வந்தார்கள். பிள்ளை இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது என்றாராம் செங்கோடன். எந்த ஊர் என்று கேட்டதற்கு, ‘லீவு நீங்க குடுத்ததுதானுங்களே டீச்சர்’ என்று அவர்களையே கேட்டிருக்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை டீச்சர் இங்கே வந்தார்கள். சத்தம் போடுவார்கள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கு அது வரும். மூன்று லெட்டரையும் இந்தக் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தார்கள். மூன்றாவதில் இருந்த கைநாட்டைக் காட்டி, ‘அந்தம்மாட்ட கேட்டேன், என் விரல் இல்லன்னாங்க. இது யாருக்க விரலு அண்ணாச்சி?’ என்று கேட்டார்கள்.

இந்த ஊரில் யாரும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. நான் இந்தக் கையைக் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு நின்றேன். மை கூடக் கிடையாது அதில். ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் சொன்னார்கள். பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு முப்பத்தொன்பது ‘எல்’ இருக்கிறதாம். ஒரு ‘ஏ’கூட இல்லை. பிள்ளையைக் காணோம் என்று ஹெட்மாஸ்டரிடம் போனால், லீவில் இருக்கிற பிள்ளையைக் காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர் கேட்கிறாராம். லெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு ‘எல்’ போட்டது பள்ளிக்கூடம்தானே? அதை ‘ஏ’ என்று திருத்த வேண்டுமானால் லெட்டர் பொய் என்று எழுதினவன் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால், இத்தனை நாள் பிள்ளை வரவில்லை என்று மேலே போகும், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து ஆள் வருவார்கள், தேடுவார்கள். அடுத்த மாசம் முழுப் பரீட்சை. அதற்குள் வந்துவிட்டால் அடுத்த வருஷம் பத்தாவதில் உட்காரலாம். இல்லாவிட்டால் கஷ்டம் என்றார்கள். ஒருதடவை வேலைக்குப் போய்ப் பழகிவிட்டால் திரும்பி வருகிற பிள்ளைகளை நான் பார்த்ததில்லை என்றார்கள். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

‘செவ்வாய்க்கிழமை நாலு மணி வரைக்கும் பாப்பேன் அண்ணாச்சி. அதுக்கப்புறம் பரீட்சைக்கான பதிவேட்ட ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பிருவாரு. எல் எல்லாம் எல்லாவே போயிரும்.’

இன்றைக்குத்தான் செவ்வாய்க்கிழமை.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பா? நீங்களே சொல்லுங்க. ஒரு லெட்டர் பொய் என்று எழுதிக் கொடுத்தால் நாற்பது வீட்டு லெட்டரும் பொய்யாகிவிடாதா? நாளைக்கு எந்தப் பிள்ளை என்னிடம் வரும்? செங்கோடன் முகத்தில் எப்படி முழிப்பேன்? போலீஸ் வந்து இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனால்? அப்புறம் டீச்சர் கேட்டார்கள், பிள்ளை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று. எனக்கு எப்படிங்க தெரியும்? நான் என்ன அந்த வீட்டு ஆளா? ஜெராக்ஸ் எடுக்கிறவனுக்கு யார் எங்கே போனார்கள் என்று எப்படித் தெரியும்? அதைத்தான் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர்கள் ஒரு தடவைதான் கேட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்கிறேன், கேட்டில் அந்தக் காகிதம்.

வந்துவிட்டது பாருங்க, ஃபேன் சுற்றுகிறது. இருங்க, மிஷின் சூடாகட்டும். ஆதார் இந்தப் பக்கம். மூன்று. திருப்பிப் போட்டு மூன்று. டி.சி. கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, இருட்டாக எடுக்கிறேன். இதோ, எல்லாம் ஆயிற்று, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்க. கவரில் போட்டுத் தரட்டுமா?

மணி என்னங்க? மூன்றே முக்கால் ஆகிவிட்டதா?

அம்மிணி, ஒரு நிமிஷம் நில்லுங்க. போய்விடாதீங்க. உங்கள் அட்மிஷன் ஃபாரத்தை இப்போது பார்த்தேன், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எனக்கு ஒரு உதவி செய்யுங்க. சனிக்கிழமையிலிருந்து பதினொரு தாள் கிழித்துவிட்டேன். இந்தக் குப்பைக் கூடையைப் பாருங்க, எல்லாம் அதுதான். அனுப்புநர் வரைக்கும் எழுதுகிறேன், அதற்கு அப்புறம் கை ஓட மாட்டேன் என்கிறது. அடுத்தவன் பேரில் என்றால் நிமிஷத்தில் எழுதிவிடுவேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்க. நாலே வரிதான். இந்தாங்க பேனா.

அனுப்புநர், மு. நாச்சிமுத்து. பெறுநர், தலைமையாசிரியர் அவர்கள். போட்டுவிட்டீர்களா? பொருள், விடுப்புக் கடிதங்கள் தொடர்பாக. ‘ஐயா, ஒன்பதாம் வகுப்பு மாணவி ரூபிணிக்காகக் கொடுக்கப்பட்ட மூன்று கடிதங்களும் என்னால் எழுதப்பட்டவை. எனக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோயும், அதன் காரணமாக ஞாபக மறதியும் இருந்துவருவதால்...’

ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

இல்லை, சர்க்கரை எல்லாம் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடித்துவிடுங்க. ‘அவற்றில் சொல்லப்பட்ட காரணங்கள் உண்மைக்குப் புறம்பானவை.’ அப்படி எழுதலாம் இல்லையா, கொஞ்சம் மரியாதையாக இருக்கும். வேண்டாமா? சரி. பொய். ‘மூன்று காரணங்களும் பொய்.’ போதும்.

இப்படிக்கு என்று போடாதீங்க, இன்னும் ஒரு வரி இருக்கிறது.

‘மேற்படி மாணவி ஊத்துப்பாளையம் பிரிவில் உள்ள நூல் மில்லில், பெண்கள் விடுதியில் இருக்கிறாள்.’ என்னைப் பார்க்காதீங்க அம்மிணி, தாளைப் பாருங்க. மூன்றாவது லெட்டருக்கு வந்த அன்றைக்குச் செங்கோடன் அந்தப் பிள்ளை ஆதாரையும் ஜெராக்ஸ் எடுத்தார். மில்லில் கேட்கிறார்கள், பாப்பாவை ஹாஸ்டலில் விட்டாயிற்று என்றார். போட்டோவில் இரட்டை ஜடை. இந்த மிஷினில்தான் எடுத்தேன். இரண்டு காப்பி.

எழுதிவிட்டீர்களா? ‘இந்த விவரம் எனக்கு நேற்றுத்தான் தெரிய வந்தது.’ எழுதுங்க. நேற்று என்றால் எனக்கும் கொஞ்சம்...

எத்தனை நிமிஷம் இருக்கிறது? ஏழா?

அடித்துவிடுங்க. நேற்று இல்லை. ‘போன மாதம் இருபத்தொன்றாம் தேதியிலிருந்தே எனக்குத் தெரியும்.’ ஆமாம், அப்படியே போடுங்க. கொடுங்க, நான் கையெழுத்துப் போடுகிறேன். மடிக்க வேண்டாம், நேரமில்லை. கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க அம்மிணி, வாட்ச்மேன் கேட்டைச் சாத்துகிறான்.